நான் சேர்த்த சம்மதக் கட்டம்

அந்தக் கட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வட்டார சுகாதார நிலையத்திலிருந்து வந்த படிவத்தில் அது கிடையாது. பெயர், வயது, அடையாள அட்டை, போன் நம்பர், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். கடைசியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'மகன் அல்லது மகள் சம்மதம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தது நான்தான்.

கொரோனாவின் இரண்டாவது வருடக் கோடை அது. மண்டபம் ஊருக்குச் சற்று முன்னால், ரயில் பாதையை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் பொறுப்பு நர்ஸாக இருந்தேன். இருபத்தொரு பேர் இருந்தார்கள். ராமநாதபுரத்துக்குப் போகும் ஆம்புலன்ஸ் சத்தம் நாளைக்கு நாலைந்து தடவை கேட்கும். கேட்கும்போதெல்லாம் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். அப்போதுதான் சுகாதார நிலையத்திலிருந்து போன் வந்தது. பத்து நாளில் தடுப்பூசி போட வருகிறோம், தயாராக இருங்கள் என்றார்கள்.

வேலை கொஞ்சமில்லை. கூடத்தில் நாற்காலிகளை ஆறடி தள்ளித் தள்ளிப் போட்டு, தரையில் சாக்பீஸால் குறித்தேன். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைக்க ஓர் அறையை ஒழித்தோம். உப்புக் காற்றில் துருப்பிடித்து உருளாமல் கிடந்த சக்கர நாற்காலிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம். அடையாள அட்டைகளைத் தேடியே இரண்டு நாள் போனது; சிலருடையது தலையணை உறைக்குள், சிலருடையது பிள்ளைகள் வீட்டில். இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

இல்லத்தின் நிர்வாகி போனில் சொன்னார்: "மூத்த பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கிருங்க சிஸ்டர். நாளைக்கு ஏதும் ஆச்சுன்னா நம்ம தலையில விடிஞ்சிரும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் எல்லாமே அப்படித்தான். வயதானவருக்குக் கண் ஆபரேஷன் என்றாலும், பல் பிடுங்குவது என்றாலும் மூத்த மகன் வந்து தலையாட்ட வேண்டும். கட்டிலில் இருப்பவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவரை நடுவில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நானே எத்தனை தடவை பேசியிருக்கிறேன்!

இருபத்தொரு வீட்டுக்கும் போன் போட்டேன். ஒரு வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள் அன்று திடீரென்று பெரிய மனிதர்களாகிவிட்டார்கள். "யோசிச்சுச் சொல்றேன்." "எங்க வீட்டுக்காரர்ட்ட கேக்கணும்." "எந்தக் கம்பெனி ஊசி?" அம்மா என்ன சொல்கிறார், அய்யா என்ன சொல்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சரி, நானாவது கேட்டேனா?

கெஞ்சிக் கூத்தாடி இருபது பேருக்குச் சம்மதம் வாங்கிவிட்டேன். மறுத்தது ஒரே ஒருவர். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து அம்மா ஒருவரின் மகன், சிங்கப்பூரில் இருப்பவர்.

"வேணாம் சிஸ்டர். ஊசியப் போட்டு ஏதாவது ஆயிருச்சுன்னா, ஃப்ளைட்டும் இல்ல, நான் வந்து கொள்ளி வைக்க முடியாது. எல்லாம் சரியாகட்டும், பாப்போம்."

அந்த அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு, வீசிங்கும் உண்டு. இங்கே யாருக்கு முதலில் ஊசி வேண்டும் என்று கேட்டிருந்தால் அவரைத்தான் காட்டியிருப்பேன். மகனுக்கோ அம்மா சாவதில் கவலையில்லை, தனக்குத் தோதில்லாத நேரத்தில் செத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அந்த அம்மா பெயருக்கு நேரே கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பெயரையும் அடித்துவிட்டேன்.

எண்ணிக்கையும் தோதாக அமைந்துவிட்டது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இருபது பேருக்கு இரண்டு குப்பி. இருபத்தோராவது ஆள் ஒருவருக்காக மூன்றாவது குப்பியை யாரும் திறக்க மாட்டார்கள்.

முகாமுக்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மா என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"தாயி, எம் பேரு இருக்கா?"

"இல்லம்மா. உங்க மகன் வேணாம்னுட்டாரு."

"அவெங் கையிலயா குத்தப் போறீக, ஏங் கையிலயா?"

பெரியவங்க எடுத்த முடிவு, நான் என்ன செய்ய என்று முணுமுணுத்தேன். எழுபத்தாறு வயதுக்காரரிடம் போய், பெரியவர்கள் முடிவு என்று சொல்லியிருக்கிறேன்!

"மூச்சு முட்டயில அவெனா வந்து முதுகத் தடவுறான்? எனக்குச் சாகப் பயமா இருக்கு தாயி. போட்டு விடு."

நிர்வாகிக்குப் போன் போட்டேன். "மகனப் பகைச்சுக்கிட்டு நமக்கென்ன? விடுங்க சிஸ்டர்" என்றார். விட்டுவிட்டேன். அவர்கள் எல்லோர் மேலும் எனக்கு இருக்கும் கோபத்தைவிட, அன்று நான் விட்டுவிட்டதன் மேல் இருக்கும் கோபம் பெரிது.

முகாம் நாளில் காலையிலேயே ஜீப் வந்துவிட்டது. ஊசி போட வந்த நர்ஸ் என்னைவிடச் சின்னவள். மருந்துப் பெட்டியை நிழலில் வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் குனிந்து, "போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டாள். பட்டியலில் எல்லாம் டிக் அடித்திருக்கும்போது இதென்ன வெட்டிக் கேள்வி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பதினாறு பேர் தலையாட்டினார்கள்.

பதினேழாவது ஆள் மாரியூர்க்காரர், ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். "வேணாம்" என்றார்.

"உங்க மக சரின்னுட்டாங்களே அய்யா" என்றேன்.

"அப்ப அவ போட்டுக்கிறட்டும். என்னைய யாரு கேட்டது?"

"வம்பு பண்ணாதீங்க, கைய நீட்டுங்க" என்று அதட்டினேன். அவர் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அவுகதான் வேணாங்கிறாகள்ல, விடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "வேற யாராச்சும் இருக்காகளா? ரெண்டாவது குப்பியத் திறந்தாச்சு, மருந்து வீணாப் போகும்."

"நான் இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது.

ஆர்.எஸ்.மங்கலத்து அம்மாதான். நான் போட்ட சாக்பீஸ் குறிகளுக்கு வெளியே, தானே இழுத்துப் போட்ட நாற்காலியில், துவைத்த சேலையும் கையில் அடையாள அட்டையுமாகக் காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கிறார். நான் பார்க்காதது மாதிரிதான் நடந்துகொண்டிருந்தேன்.

நர்ஸ் பட்டியலைப் பார்த்தாள். "இது என்னக்கா கட்டம்? எங்க படிவத்துல இது கிடையாதே?"

என் முகம் காந்தியது. அடித்த பெயரை மறுபடி எழுதினேன். போன் நம்பர் கேட்டாள், மகனுடையதை விட்டுவிட்டு என்னுடையதைக் கொடுத்தேன்.

"போட்டுக்கிறீங்களா பாட்டி?"

"அதுக்குத்தானம்மா உக்காந்திருக்கேன்."

மாரியூர்க்காரர் அடுத்த முகாமில் போட்டுக்கொண்டார். அந்த முறை மகளுக்குப் போன் போடவில்லை. அவர் கட்டிலில் போய் உட்கார்ந்து அவரிடமே கேட்டேன். ஒரு நிமிடம் என்னை முறைத்துவிட்டு, "சரி" என்றார்.

முதல் முகாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் மகன் வழக்கம்போலப் பேசினார். அந்த அம்மா ஒளிக்கவில்லை. "ஊசி போட்டுட்டேன்டா, ஒண்ணும் செய்யல" என்று சத்தமாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போனை என்னிடம் நீட்டினார்.

"யாரக் கேட்டு சிஸ்டர் போட்டீங்க?"

"உங்க அம்மாவக் கேட்டுத்தான்" என்று சொல்லிப் போனை வைத்தேன். இத்தனை நாளில் ஒரு வார்த்தையாவது நறுக்கென்று சொன்னோமே என்று திருப்தியாக இருந்தது.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தாயி பொய் சொல்ற?" என்றார். "நீ எங்க என்னையக் கேட்ட? நாந்தான உன்னையக் கேட்டேன்."