செல்லுக்குக் கட்டிய சாரம்

முடக்குவாதத்தில் என் விரல்கள் வீங்கிய பிறகு, பேசி முடித்ததும் கைபேசி அழைப்பைத் துண்டிப்பது மகளின் வேலையாகிவிட்டது. பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். பொங்கலுக்கு முந்தைய வாரம் வீடியோவில் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். அதில் நுங்கு போல ஒரு துண்டு.

"ஸ்டெம் செல்லை வெறுமன மூட்டுல போட்டா, அங்க இருக்குற வீக்கமே அதைச் சாகடிச்சிடும்பா. இந்த ஜெல்லுக்குள்ள வச்சா, சாரம் கட்டுன மாதிரி புடிச்சிக்கிட்டு நிக்கும். ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்."

"எனக்கு எப்ப போடுவீங்க?"

"இன்னும் எலிக்குத்தான்பா போட்டுப் பாக்குறோம்."

எலிகளாவது சௌக்கியமாக இருக்கட்டும். பண்டிகைக்கு வருகிறாயா என்று கேட்டேன். செல்லுக்குத் தீனி மாற்ற வேறு ஆள் இல்லை என்றாள். கோபம் வந்தது. ஆனால் நாற்றங்காலைக் காரணம் சொல்லி எத்தனை கல்யாணங்களுக்குப் போகாதவன் நான்!

"சரி, வேலையப் பாரு" என்றேன்.

அன்று துண்டிக்க மறந்து கைபேசியை மேசையில் வைத்துவிட்டாள். திரையில் மேற்கூரை மட்டும் தெரிந்தது. கண்ணாடித் தட்டு நகரும் சத்தத்தோடு அவள் குரல் கேட்டது.

"சாப்பிடுங்க, கண்ணுங்களா."

இங்கே எங்கள் ஊர் சுரக்குடியில், மத்தியானமாகியும் உலை வைக்காத வீட்டில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.