கூரைக்குள் தொங்கிய கால்கள்

கண்டாவளையில் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை ஒழுகினால் நான் குரங்குகளைத்தான் திட்டுவேன். ஓடு உடைப்பது அவைதானே! உடைந்ததை மாற்றுவேன், மறுநாள் இன்னொன்று உடையும்.

"ஓடு தாங்கிற சிலாகையெல்லாம் உக்கிப்போச்சு. முழுக்கக் கழட்டிப் புதுசாப் போடுவமப்பா" என்பாள் மனைவி.

"குரங்குக்கு வக்காலத்து வாங்காதையும்!" என்று சீறுவேன்.

அன்று காலை முகட்டில் ஒரு பெரிய கடுவன் குரங்கு குந்தியிருந்தது. எனக்கு இரத்தம் கொதித்தது. வயலுக்குள் வரும் யானையை விரட்ட வைத்திருந்த வெடியோடு கூரையில் ஏறித் திரியைக் கொளுத்தினேன். அது ஓடவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. மாவீரனான நான், "ஐயோ அம்மா!" என்று ஊர் கேட்கக் கத்தி, வெடியை வேலிப்பக்கம் எறிந்துவிட்டுப் பின்னால் கால் வைத்தேன். சிலாகை பிஸ்கற் மாதிரி நொறுங்கியது. இடுப்புக்கு மேல் வானத்தில், கால்கள் அடுப்பெரிந்த குசினிக்குள். வேலிப்பக்கம் வெடித்த சத்தத்தில் குரங்கு பாய்ந்து ஓடிவிட்டது.

"சிரிக்காமல் ஏணியைக் கொண்டு வாரும்!" என்று கத்தினேன்.

முற்றத்தில் நின்ற மனைவி சிரிக்கவில்லை. ஏணியைக் கொண்டுவந்து என்னை இறக்கி, குசினியைக் காட்டினாள். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்தில் உக்கிய மரமும் ஓடுகளும் குவிந்து கிடந்தன.

"நீங்கள் குளறின சத்தத்திலதான் வெளியில ஓடி வந்தனான். இல்லாட்டி, என்ரை செத்தவீட்டிலயும் குரங்கைத்தான் ஏசியிருப்பியள்."

அன்றே ஆள் பிடித்துக் கூரையைக் கழற்றினோம். அவள் சொன்னது சரி என்பதைத் தாங்க முடியாமல்தான் இத்தனை காலம் குரங்கோடு கோபித்திருக்கிறேன்.