இரண்டு தடவை மிதித்த கால்

இது நடந்த விஷயம். நம்பமாட்டேன் என்றால் நான் சண்டைக்கு வரப்போவதில்லை. பெருமைக்காகப் பொய் சொல்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்ளப் பொய் சொல்கிற ஆளைப் பார்த்ததில்லை. பலவேசம் மேஸ்திரி சொன்ன கதை அப்படிப்பட்டது.

1943. யுத்த காலம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடிய ஒரு பஸ்ஸுக்குப் பலவேசம்தான் மெக்கானிக். கியர் ஆயில் கண்ணிலேயே படாத நேரம். முதலாளி பால்வண்ணநாதன் நடையாய் நடந்து ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தார். அது சித்திரை மாதம். இந்தப் பலவேசம் கால் தட்டி அதைக் கவிழ்த்துவிட்டான். போய்ச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. விளக்கெண்ணெய் வாங்கிக் கியர்பெட்டியில் ஊற்றி மூடிவிட்டான்.

வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனியில் சாரல் விழுந்தது. குளிரில் விளக்கெண்ணெய் பசையாகிவிட்டது. விடிகாலை முதல் டிரிப்பில் கியர் மாற்றும்போதெல்லாம் கர்ர்ர்ர்... என்று பஸ்ஸே குலுங்கியது. முதலாளி பலவேசத்தைக் கூப்பிட்டு என்ன கோளாறு என்று கேட்டார்.

"பெட்டியில கோளாறு இல்ல முதலாளி. அண்ணாச்சிக்குக் கை போயிட்டு."

அண்ணாச்சி என்றது டிரைவர் சிவசைலத்தை. பதினாறு வருஷம் ஓட்டியவர். இந்த ஒரு பேச்சில் அவருக்கு வேலை போயிற்று. கியர் குமிழை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, ஆலங்குளத்துக்கு வீட்டைப் பார்த்துப் போய்விட்டார். ஸ்டியரிங் பலவேசம் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம்... யார் முகத்தையும் பார்க்க முடியாத வெட்கம்.

ஆடி பத்தாம் தேதி. காலை 4.50. ஷெட்டிலிருந்து வெறும் வண்டியை எடுத்தான். குற்றாலம் போய், அருவியில் குளித்துவிட்டு நிற்கிறவர்களை ஏற்றி வர வேண்டும். நசநசவென்று தூறல்.

கர்ர்ர்ர்... முதல் கியர்.

கர்ர்ர்ர்... இரண்டாவது.

4.58. மூன்றாவது விழவே இல்லை. இழுத்து இழுத்துக் கை வலித்தது.

அப்போது கேட்டது.

டக்... டக்...

அந்தக் காலத்து வண்டிக்கு, ஒரு கியர் மாற்றக் கிளச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். அந்தச் சத்தம்தான். ஆனால் பலவேசம் மிதிக்கவில்லை. அவன் காலுக்கு அடியில் கிளச் தானாகக் கீழே போய் வந்தது.

மூன்றாவது கியர் விழுந்தது. சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தான். ஸீட்டெல்லாம் காலி.

கியர் குமிழ் சூடாக இருந்தது. அந்தக் குளிரில்... யாரோ வெகுநேரம் பிடித்திருந்த சூடு.

"அண்ணாச்சி...?"



5.04. மேலகரம். குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

டக்... டக்...

நாலாவது கியர் விழுந்தது.

அழுதான். பயம் பாதி, வெட்கம் பாதி.

"நான்தான் அண்ணாச்சி... நான்தான்..."

குற்றாலத்தில் வண்டி நின்றபோது 5.15. அன்று மத்தியானமே, காலில் விழுந்துவிடலாம் என்று ஆலங்குளத்துக்குப் போனான். அழுது ஓய்ந்த முகத்தோடு சிவசைலத்தின் பெண்சாதி ஆவுடைத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"முந்தாநாள் போயிட்டாவ தம்பி. காய்ச்சல். ஒங்களுக்கு ஆள் விடக்கூட நாதியில்ல."

பலவேசம் வாசற்படியில் உட்கார்ந்தான். "மதினி... நான் ஒண்ணு சொல்லணும்."

"விளக்கெண்ணெயா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வாடையிலயே தெரிஞ்சிட்டுன்னாவ. 'சொன்னா அந்தப் பய பொழப்பு போயிரும்ட்டி, அவன் பெஞ்சாதி முழுகாம இருக்கா'ன்னு வாயை மூடிக்கிட்டாவ. கடைசியில நெனவு தப்பிக் கெடக்கும்போதும் எடது காலு மட்டும் கட்டிலை ரெண்டு ரெண்டு மட்டம் மிதிச்சுக்கிட்டே கெடந்துச்சு..."

சாயங்காலம் 6.30. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று, மேலகரத்தில் முதலாளி வீட்டுக்கு நேரே போனான். வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆரம்பித்தார்.

"ஏலே, காலையில பல்லு வெளக்கிக்கிட்டு வாசல்ல நின்னேன், வண்டி போவுது. கியர் சத்தமே காணும்! லாந்தர் வெளிச்சத்துல பாத்தா சிவசைலம்லா ஓட்டுதாரு! நீ பக்கத்துல உக்காந்து பச்சப்புள்ள கணக்கா அழுதுக்கிட்டுப் போற. அவரு கையில என்னலே கொறை? நாளையிலருந்து அவரையே வரச் சொல்லு."

முதலாளியிடம் சொல்லப் பலவேசத்துக்கு இரண்டு சேதி இருந்தது.

விளக்கெண்ணெயைச் சொல்லிவிட்டான்.

மற்றதைச் சொல்ல நாக்கு எழவில்லை.