பெட்டிக்குப் பாடம் எடுத்தவள்

வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. ஏழாம் நாள் ஆலயத்தில் ஆர்கன். இருபத்தாறு வருஷமாக காலை, மாலை இரண்டு ஆராதனைக்கும் அவளே வாசித்ததால் 'ஆர்கன் அக்கா' என்பதே பெயராகிவிட்டது.

வலது தோள் மக்கர் பண்ணத் தொடங்கியதும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமையாவது அந்தக் கைக்கு லீவு குடுங்கம்மா."

அவள் நேரே போதகரிடம் போய், தானாக வாசிக்கும் பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கச் சொன்னாள். ஆர்கனை விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்றே என்று சபையே அவளைச் சமாதானப்படுத்த வந்தது. அவளுக்கோ அது தேவைப்படவேயில்லை.

பெட்டி வந்த முதல் ஞாயிறு கூத்தாகிப் போனது. அதில் இருந்தவை எங்கோ யாரோ வாசித்த பாட்டுகள். முன்வரிசைப் பெரியவர்கள் முதல் அடியை முடிப்பதற்குள் பெட்டி மூன்றாம் அடிக்கு ஓடிவிட்டது. ஐந்து சரணப் பாட்டை நாலோடு நிறுத்தியும் விட்டது. ஐந்தாவதைப் பாடுவதா விழுங்குவதா என்று தெரியாமல் எல்லோரும் திறந்த வாயோடு நின்றார்கள்.

"திருப்பி அனுப்பிடலாம்க்கா" என்றார் சபைச் செயலாளர்.

"பெட்டி என்ன தப்பு பண்ணுச்சு? நம்ம ஜனங்க எங்க மூச்சு விடுவாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லல. நான் சொல்லித் தரேன். ஆனா கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் நான்தான் வாசிப்பேன். பொண்ணு எப்ப வாசலுக்கு வந்து சேருவான்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

ஆர்கனோடு ஒயர் மாட்டினால் வாசிப்பதை அப்படியே பதிந்துகொள்ளும் பெட்டி அது. கடை முடிந்த சனிக்கிழமை மாலைகளில் தோள் தாங்கும் அளவுக்கு, ஒரு நாளைக்கு ஆறு பாட்டாகப் பதிந்தாள். பஸ் ஓட்டும் கணவரை முன்வரிசையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னாள்.

"மொத்த சபைக்கும் நான் ஒருத்தனே மூச்சு விடணுமா?"

"விடுங்க. இன்னும் மெதுவா. வயசானவங்கள நினைச்சுக்கோங்க."

மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. அடுத்த ஞாயிறு, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, ஆராதனையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி அவள் கைவேகத்திலேயே வாசித்தது. சபையும் பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டது. அவளும் குரலெடுத்துப் பாடினாள். சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

கணவர் காதருகே குனிந்தார். "உன்னை ஏன் இத்தனை நாளா ஆர்கன்லயே உட்கார வெச்சாங்கன்னு இப்பத்தான் புரியுது."

"புரிஞ்சா சரி" என்று இன்னும் சத்தமாகப் பாடினாள்.

விஷயம் பரவி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆலயத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். பெட்டி தயாராக இருக்கிறது, வந்து பதிந்து கொடுத்தால் போதும் என்றார்கள்.

"முதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா வந்து உட்கார்றேன்" என்றாள் அவள். "உங்க ஜனங்க எப்படிப் பாடுறாங்கன்னு கேட்கணும்."