என் மனைவி வாங்கிய குக்கர்

செஞ்சியில் எங்கள் தெருவின் நான்கு வீடுகளும் ஓராண்டாக சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது என் போன் நம்பரைத்தான் சொல்கின்றன.

ஏற்பாடு என்னுடையது. தனித்தனியாகச் சேர்த்தால் பாயின்ட்டுக்கு டீ வடிகட்டிதான் கிடைக்கும், ஒரே நம்பரில் சேர்த்தால் குக்கர் என்று வீடு வீடாக விளக்கினேன்.

குக்கர் யார் வீட்டுக்கு என்பதை மட்டும் விளக்கவில்லை. எங்கள் பழைய குக்கரின் கைப்பிடியை அம்மா கம்பியால் கட்டி வைத்திருக்கிறாள். தவிர, நம்பர் என்னுடையது.

இன்று மாலை பெரிய பையோடு போனேன். பில் போடும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"காலைலயே வாங்கினு போய்ட்டாங்களேண்ணா."

"யாரு?"

"உங்க வொய்ஃபுன்னு சொன்னாங்க. நம்பர் கரெக்டா இருந்திச்சு, குடுத்துட்டேன்."

எனக்குத் திருமணம் ஆகவில்லை. அதை அங்கே நிரூபிக்க வழியும் இல்லை.

பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார். "வூட்ல போய்க் கேளு தம்பி. இங்க இன்னா சண்டை?"

வெறும் பையோடு திரும்பினேன். நடந்ததைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்தாள்.

"குக்கர் போனா போவுது. அந்தப் பொண்ணு யார்றா?"

நைனா டிவி சத்தத்தைக் குறைத்தார். "பொண்ணு எந்த ஊரு? பக்கத்துல அனந்தபுரமா?"

இரண்டு மணி நேரமாக மறுத்துக்கொண்டிருக்கிறேன். மறுக்க மறுக்க அம்மாவுக்கு நம்பிக்கை கூடுகிறது.

எங்கள் தெருவில் இதைப் படிப்பவர்களுக்கு: குக்கரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி யார் என்பதை மட்டும் அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.