அம்மா உட்கார வேண்டிய தூரம்

ரேடியோ முதல் நாள் பாடினபோது வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அப்பா. அப்பாவுக்கு அக்கா, எனக்கு அத்தை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. திண்டுக்கல்லில் ரேடியோவை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவர்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர், கூப்பிடாமல் வந்தவர். நான், எட்டு வயசு. கடைசியாக அம்மா. அம்மாவுக்கு அது ஏழாம் மாசம்.

எங்கள் ஊர் சித்தையன்கோட்டைக்குப் பக்கம். கரண்டு வந்தது அப்போதுதான். அதுவரை வீட்டில் ஒரு பல்பு எரிந்தது, அவ்வளவுதான். அந்தக் கரண்டை வைத்து ஒரு பெட்டி பேசப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தோம்.

மரப்பெட்டி. முகத்தில் துணி. துணிக்கு மேலே பச்சையாக எரிகிற ஒரு கண். போட்டவுடனே பேசாது. உள்ளே சூடேற வேண்டும். ஸ்டேஷன் சரியாகச் சேர்ந்தால் அந்தப் பச்சைக் கண் ஒடுங்கும். சேராவிட்டால் விரிந்துகொண்டு நிற்கும். எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

அப்பா பெட்டிக்கு அருகே உட்கார்ந்தார். சித்தப்பா திருகுகிற இடத்தில். பெரியவர் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அத்தை மறித்தாள்.

"நில்லு. நீ எங்க வார?"

"பாட்டுக் கேக்கத்தான் மதினி."

"மேல கைய வச்சுப் பாரு. அடுப்பு மாதிரிக் கொதிக்குது. வயித்துப் பிள்ளைக்காரி இது பக்கம் வரலாமா?"

சித்தப்பா சிரித்தார். "பேசுறவன் கொழும்புல இருக்கான்க்கா. அவன் கை இம்புட்டுத் தூரம் நீளாது."

"கை நீளாதுலே. கண்ணு? பச்சைப் பசேல்னு முழிக்குது பாரு."

சித்தப்பா மறுபடி திருகப் போனார். எனக்குப் பிறகு அம்மா ஏற்கனவே இரண்டு பெற்றிருந்தாள். இரண்டும் தங்கவில்லை. அதனால் அத்தை சொன்னால் சொன்னதுதான்.

அத்தை அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். அடுப்படி வாசலுக்கு முன்னால் தரையில் ஒரு கோடு கிழித்தாள். அம்மா அந்தப் பக்கம். மற்றவர்கள் இந்தப் பக்கம். பாட்டு வந்தது. அம்மா நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சாணி மெழுகினால் கோடு அழியும். அத்தை மறுபடி கிழிப்பாள். ஒவ்வொரு தடவையும் கோடு அடுப்படிப் பக்கம் கொஞ்சம் நகரும். இப்படியே போனால் அம்மா கொல்லைக்குப் போய்த்தான் பாட்டுக் கேட்கணும் என்று சித்தப்பா சொன்னார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசமாக இருக்கிறவளுக்குத் துணை வேண்டும் என்று என் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். அது பிறகு நின்றது நின்றதுதான். பகலில் அப்பாவும் அத்தையும் கத்தரித் தோட்டத்துக்குப் போவார்கள். சித்தப்பாவுக்குக் கொடைரோட்டில் மூட்டை ஏற்றுகிற வேலை. வீட்டில் அம்மாவும் நானும் ரேடியோவும்.

அத்தை கிளம்பும்போது என்னிடம் சொல்வாள். "ஆத்தா கோட்டத் தாண்டாமப் பாத்துக்க. தம்பி வேணுமா வேணாமா?"

வேணும் என்று தலையாட்டுவேன்.

அவர்கள் தெரு முனை தாண்டியதும் அம்மா கோட்டைத் தாண்டுவாள். நேராகப் போய் ரேடியோவைப் போடுவாள். பக்கத்தில் என்றால் பக்கத்தில் இல்லை. பெட்டி இருந்த பலகையை ஒட்டி நின்று, வயிறு பெட்டியில் இடிக்கிற மாதிரிச் சாய்ந்துகொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள்.

வேண்டாம்மா, வேண்டாம்மா என்பேன். அம்மா வாயில் விரலை வைப்பாள். அத்தையிடம் சொன்னால் அம்மாவுக்கு அடி விழுமோ என்று பயம். சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான் என்று பயம். ராத்திரி சோறு இறங்காது. அத்தை என் முகத்தைப் பார்த்தால் தட்டைப் பார்ப்பேன்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வேப்பங்கொத்து ஒடித்து வந்து பெட்டியின் தலையில் வைத்தேன். பச்சைக் கண்ணுக்கு நேராக நான் போய் முதுகைக் காட்டி நின்றேன். ஒருநாள் முறத்தை எடுத்து வந்து பெட்டிக்கும் அம்மா வயிற்றுக்கும் நடுவில் சொருகப் பார்த்தேன். அம்மா முறத்தை வாங்கித் தள்ளி வைத்தாள்.

"கிறுக்கச்சி, செத்த சும்மா நில்லுடி."

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. பாட்டுக்காகத்தான் நிற்கிறாள் என்றால் பாட்டு வரும்போது நிற்க வேண்டும். அம்மாவுக்கு எது வந்தாலும் சரி. இந்தியில் யாரோ பேசுவார்கள். கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் பருத்தியில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடியபடியே சிரித்தாள். பூச்சி விழுந்ததில் என்ன சிரிப்பு என்று எனக்குக் கவலையாகிவிட்டது. தலைக்கு ஏறிவிட்டதோ என்று.

ஐப்பசியில் ஒரு காற்று அடித்தது. ஆத்தூர் ரோட்டில் புளியமரம் சாய்ந்து கம்பி அறுந்தது. கரண்டு போனது. பச்சைக் கண் அவிந்தது.

நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன், கரண்டு வராமல் இருக்க.

அம்மாதான் ஒரு மாதிரி ஆனாள். முதல் நாள் ரேடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்து, வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்துக் கரண்டியால் தட்டினாள். தட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். மறுபடி தட்டுவாள். கடைசியில் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடவில்லை.

சாயங்காலம் அத்தை வந்து பார்த்துச் சூடு என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அம்மா குடித்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்டதை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா காய் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போனவர், ரோட்டில் மரம் கிடந்ததால் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பல்பு எரிந்தது.

அம்மா ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். திருகைக் கடைசி வரைக்கும் திருகினாள். உள்ளே சூடேறும் வரைக்கும் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அழுதேன். அவள் அசையவில்லை. பிறகு சத்தம் கிளம்பியது. நாயனமும் தவிலும். ஓட்டுக்கூரை அதிர்ந்தது.

சத்தம் கேட்டுத்தான் அத்தை புல்லுக்கட்டோடு உள்ளே வந்தாள். பார்த்ததும் கத்தினாள்.

"அடி பாதகத்தி! இதையும் கொன்னு போடுவியா?"

அம்மா திரும்பவில்லை. "அசையல மதினி."

"என்னது?"

"காத்தடிச்ச அன்னைக்கு ராவுலருந்து அசையல. ரேடியோ போட்டா உதைக்கும். தெனமும் போட்டுப் பாப்பேன். உதைக்கும். இப்ப இல்ல."

அத்தை புல்லுக்கட்டைப் போட்டாள். போட்ட இடத்திலேயே அது கிடந்தது.

பிள்ளை வயிற்றுக்குள் அசையும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. எது அசையவில்லை, யார் உதைப்பது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அடுத்த பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போய்ச் சில நாள் கழித்துத்தான் பிறந்தது என்பதும், அது எப்போது அடங்கியது என்று அம்மாவுக்கே தெரியாமல் போனது என்பதும், நான் என் மூத்த மகனை வயிற்றில் சுமந்துகொண்டு வந்திருந்தபோது அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம், கோடு போட்ட அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் வந்து அம்மா காலடியில் உட்கார்ந்ததைத்தான். சேலையை விலக்கி வயிற்றில் இரண்டு கையையும் வைத்தாள். காதையும் வைத்தாள்.

"இன்னும் சத்தமா வைக்கலாமாடி?"

அம்மா முடியாது என்று தலையாட்டினாள்.

"அப்ப பெட்டிய ஒட்டி நில்லு. நல்லா ஒட்டி நில்லு. அடியே, நீ அழுகைய நிறுத்து. அந்தச் சொம்புல தண்ணி கொண்டா."

கொண்டுவந்தேன். அம்மா குடித்தாள். அத்தை மிச்சத் தண்ணீரில் கையை நனைத்துக் குளிரக் குளிர வயிற்றில் வைத்தாள். தவில் விடாமல் அடித்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரையும் பச்சைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லாரும் சாகப்போகிறோம், அத்தைக்கும் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். அப்பா வந்தால் யாரிடம் சொல்வது என்றும் நினைத்தேன்.

மேளம் முடிந்தது. ஒரு அம்மாள் ஏதோ அறிவித்தாள். இன்னொரு மேளம் தொடங்கியது. அதுவும் பாதி போயிருக்கும்.

அத்தையின் கை நின்றது.

"ஒண்ணு" என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

"ரெண்டு" என்றாள் அம்மா.

மூன்றை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அத்தைக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. நான்கு சொன்னபோது அம்மா சிரித்தாள். ஐந்து வர நேரமானது. அதற்குப் பிறகு கடகடவென்று வந்தது.

பெரியவர்கள் எண்ணினால் நாமும் எண்ண வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். எதை எண்ணுகிறோம் என்று தெரியாமலே நானும் சேர்ந்துகொண்டு, அவர்களைவிடச் சத்தமாக எண்ணினேன்.

பதினொன்று.