முற்றத்துக்கு ஓடிய தூதரக அதிகாரி

திருச்சியில் விமானம் ஏறி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து அளவெட்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஓட்டோக்காரர் இலங்கைக் காசில் இரண்டாயிரம் கேட்டார். பேரம் பேச வாய் திறந்தேன். "அண்ணை, பெற்றோல் விலை தெரியுமோ?" என்றார். தெரியாது, பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் செம்மண், வெங்காயத் தோட்டங்கள். இடையிடையே கூரையில்லாத வீடுகள். ஒன்றில் மரம் உள்ளே வளர்ந்து சன்னல் வழியே கிளையை நீட்டியிருந்தது.

சிவபாதம் மாஸ்டர் வீட்டு மாடியறையை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்திருந்தேன். அவரும் மனைவி பவளம் ரீச்சரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஒரே மகன் கஜன், மேற்காசியாவில் சண்டை நடக்கும் ஒரு நாட்டில் இலங்கைத் தூதரக அதிகாரி. எந்த நாடு என்று எழுத வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார்கள். தூதரக வேலை என்றால் விருந்தும் கொடி பறக்கும் காரும்தான் என்பது என் நினைப்பு. கூடத்தில் கோட்டுப் போட்ட கஜனின் படத்தைப் பார்த்து, "கொடுத்துவைத்தவர்!" என்று சொல்லிவைத்தேன். நாக்கில் சனி.

மாலை நான்கு மணிக்குப் பிளேன்ரீ என்னும் பாலில்லாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கஜனிடமிருந்து போன் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி மாஸ்டர் அதை மேசையில் வைத்தார்.

"அம்மா, எனக்கு ஒண்டுமில்லை" என்று தொடங்கினார் கஜன். அப்படித் தொடங்கினால் ஏதோ இருக்கிறது என்று யாருக்குத் தெரியாது?

அன்று காலை தூதரகத்துக்கு மேலே போர் விமானம் தாழப் பறந்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் நிலவறைக்கு இறங்க வேண்டும், ஒத்திகையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் இறங்கினார்கள். கஜன் மட்டும் கட்டடத்தை விட்டு வெளியே, தோட்டத்துக்கு ஓடியிருக்கிறார்.

"ஏனடா வெளியிலை போனனீ?" மாஸ்டர் கத்தினார்.

"தெரியாதப்பா. பொம்பர் சத்தம் கேட்டது. முத்தத்திலை பங்கர் இருக்கெண்டு ஓடிட்டன்."

யுத்த காலத்தில் இந்த ஊரில் பதுங்குகுழியை, அதாவது பங்கரை, முற்றத்தில்தான் வெட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் நின்றால் கூரை தலையில் விழும். குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் வெளியே ஓட வேண்டும். நடக்கப் பழகிய கையோடு பிள்ளைகளுக்கு அதையும் பழக்கினார்கள்.

"யோசிக்காமல் ஓடு எண்டு நான்தான் தம்பி அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான்" என்றார் ரீச்சர், என்னைப் பார்த்து.

அடுத்து வந்தது இன்னும் மோசம். தூதரகக் காரோட்டி யூசுப், அந்த நாட்டுக்காரர், நிலவறைப் படியிலிருந்து இதைப் பார்த்துவிட்டுக் கஜனை இழுத்துவர ஓடியிருக்கிறார். குண்டு தெருவில் விழுந்தது. சிதறிய துண்டு யூசுப்பின் கழுத்தில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். கஜனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ரீச்சர் போனுக்குக் குனிந்து கேட்டார்: "அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கோ?"

"ஓம். ரவுணுக்கு வெளியிலை, ஒரு கிராமத்திலை."

"செத்தவீட்டுக்குப் போனனீயோ?"

"போகவேண்டாம் எண்டு தூதரகத்திலை சொல்லுகினம் அம்மா. ரோட்டிலையும் குண்டு விழுது. போறதெண்டா என்ரை பொறுப்பிலைதான் போகோணும்."

"போகாதை! கந்தோருக்குள்ளையே இரு" என்றார் மாஸ்டர், கந்தோர் என்று தூதரக அலுவலகத்தைச் சொல்லி. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ரீச்சர் போனைக் கையில் எடுத்தார். "உனக்காகச் செத்த பிள்ளை. அதின்ரை வாசலை மிதியாமல் இந்த வாசலுக்கு எப்பிடியடா வருவாய்?"

இந்த ஊரில் பேச்சுவார்த்தை இல்லாதவன் வீட்டுச் சாவுக்கும் அழைக்காமலே போவார்கள். ஆனால் பெற்ற மகனையே குண்டு விழும் தெருவுக்கு அனுப்புவதா?

மறுநாள் நல்லூர் போவதாக இருந்தேன். போக மனம் வரவில்லை. பத்து மணிக்கு, "வெளிக்கிடுறன்" என்று, யூசுப் வீட்டுக்குப் புறப்படுவதாகக் கஜனின் செய்தி வந்தது. மாஸ்டர் மனைவியோடு பேசவேயில்லை. கூடத்துக்கும் தெருவாசல் படலைக்கும் நடந்தபடி இருந்தவர், "பிள்ளையை அனுப்பிப்போட்டு இருக்கிறா, பாத்தீங்களே?" என்று என்னிடம் மட்டும் சொன்னார். ரீச்சர் போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. என் விமானம் மூன்று மணிக்கு. ஓட்டோ வந்துவிட்டது, பையைத் தூக்கினேன். அப்போதுதான் போன் ஒலித்தது.

"கந்தோருக்குத் திரும்பி வந்திட்டன், அம்மா."

மாஸ்டர் படலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். ரீச்சர் அழவில்லை. "அந்தத் தாய் என்ன சொன்னவ?" என்று கேட்டார். அடி விழப்போகிறது என்பதுபோலத் தோள்களை ஒடுக்கிக்கொண்டார்.

"சாப்பிட்டியோ எண்டு கேட்டவ, அம்மா. இருத்திவைச்சுச் சாப்பாடு தந்தவ."

ரீச்சர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். நான் சொல்லிக்கொள்ளாமலே ஓட்டோவில் ஏறினேன்.

மாலையில் திருச்சி விமான நிலைய வாசலில் என் மகள் காத்திருந்தாள். தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. அவள் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள். அவளுக்கு நான் பழக்கியது அதுதான்.